கத்தரிப் பாத்திக்கு ஊற்றிய உரம்

கத்தரிப் பாத்தியருகே அன்று நான், அப்பா, அம்மா மூவரும் இருந்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிய அக்கா மட்டும் இல்லை. செடிகள் வெளுத்துக் கிடந்தன. காய் சந்தைக்குப் போனால்தான் எங்களுக்கு அரிசி. யூரியா வாங்கக் காசில்லை. வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். நோய்நொடி இல்லாதவர்களின் மூத்திரமும் உரம்தான் என்று அங்கே படித்துவிட்டு, மூடிய பானையில் ஒரு மாதம் சேர்த்து வைத்திருந்தேன்.

“காலேசுக்குப் போன புள்ள எதத் தூக்கிக்கிட்டு வருதுன்னு பாத்தீகளா?” என்று அம்மா சிரித்தாள்.

ஒரு செம்புக்குப் பத்துச் செம்பு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேரோரம் ஊற்றினேன்.

“பால்காரன் கணக்கா இம்புட்டுத் தண்ணி ஊத்துறியேடா, சத்து எங்குட்டு இருக்கும்?” என்றார் அப்பா.

“அப்படியே ஊத்துனா வேர் வெந்துபோகும்ப்பா.”

அப்பா நம்பவில்லை. நான் கல்லூரிக்குக் கிளம்பியதும் கடைசி வரிசைக்குக் கலக்காமலே ஊற்றிவிட்டார். அந்த வரிசை கருகிப்போனது. மற்றதெல்லாம் ஒரே வாரத்தில் கரும்பச்சையாக நிமிர்ந்தது. படித்ததுதான் என்றாலும், கண்ணால் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா ஓர் இலையைத் தடவியபடி, “நாம வேண்டாம்னு விட்டதா இதச் செஞ்சுச்சு?” என்று அப்படியே நின்றாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினார்.

பறிப்புக்கு ஒரு மாதம் முன்பே ஊற்றுவதை நிறுத்தினோம். காயைக் கழுவித்தான் விற்றோம்.

“அந்த ஒரு வரிசையும் இருந்திருந்தா!” என்றாள் அம்மா.

“நான் பள்ளிக்கூடம் போகாததுக்கு இப்பக் கட்டுன சம்பளம்னு வச்சுக்க” என்றார் அப்பா.

அன்றைய சந்தை விலைக்கு அந்த வரிசைக் காய் மூன்று ரூபாய்.