கீபோர்டால் அடித்தவர்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கேம் கடையைத் தனியொரு பெண்ணாக நான் கவனித்துக்கொண்டிருந்தேன். வட்டகொடைப் பக்கம் தேயிலை பெக்டரியில் வேலை செய்த ஒருவர் ஞாயிறுதோறும் அங்கே வருவார். முப்பது வயதிருக்கும். தடித்த கழுத்து, இயந்திரத்தில் நசுங்கி நகமில்லாமல் போன இரண்டு விரல்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் விளையாடியது ஒரே கேம்தான். எரியும் ஊரிலிருந்து யாரோ ஒரு சிறுமியை ஒரு சிப்பாய் காப்பாற்றி எல்லை தாண்டிக் கூட்டிப்போவான். அவள் அவனை ‘பிரதர்’ என்பாள். குண்டு வந்தால் அவளை மறைத்துக்கொண்டு, சிப்பாயாக ஆடும் இவர் சாவார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

ஒரு ஞாயிறு அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பக்கத்து இருக்கைக்காரன் சிரித்துக்கொண்டே அவருடைய விளையாட்டில் கைவைத்து அந்தச் சிறுமியைச் சுட்டான். திரும்பி வந்தவர் கீபோர்டைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தார். பல் தெறித்தது. விழுந்தவனை மிதித்தார். தரையெல்லாம் இரத்தம்.

“விடுங்கண்ணே, செத்துருவான்! அது வெறும் பொம்மைதானே!” என்று அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

“தெரியும் தங்கச்சி, பொம்மைதான். ஆனா என்னைய நம்பித்தானே கூட வந்துச்சு?” என்றார் என்னிடம், மூச்சு வாங்க. அப்புறம் போலீஸ் வரும்வரை ஓடாமல் உட்கார்ந்திருந்தார்.

நடந்ததை ஒன்றுவிடாமல் போலீசில் சொன்னேன். அடிபட்டவனுக்கு மூன்று பல் போயிருந்தது. வேறென்ன சொல்ல முடியும்? அவருக்குத் தங்கை யாரும் உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டபோது, சொந்த அண்ணனைக் காட்டிக்கொடுப்பதுபோலத்தான் இருந்தது.