சிந்தாத வாளி

ஒரு மலையிலே ஒரு ரப்பர் தோட்டமாம். அந்தத் தோட்டத்திலே ஒரு சின்னக் கிளாக்கராம். அவனுக்கு வாய் இருந்ததாம், சத்தம் இல்லையாம். அது நான்தான். விபத்து நட்டஈட்டு வேலையில் மாட்டிக்கொண்ட சகோதரங்களே, அடிபட்டவரை விட அதை எழுதுகிறவனுக்குத்தான் வலி அதிகம். உங்களுக்குத் தெரியாததா?

யாருடைய குற்றம்?

ரப்பர் பால் வெட்டும் செல்லம்மா அக்கா, பால் வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஒற்றைக் கையால் மரம் வெட்ட முடியாது; நட்டஈடு வந்தால்தான் கை எலும்பு கூடும்வரை வீட்டில் உலை கொதிக்கும். பெரிய கிளாக்கர் எனக்கு மூன்று கேள்வி சொல்லித் தந்திருந்தார்: வேலையிலா, வேலை நேரத்திலா, யார் பார்த்தது? யார் குற்றம் என்பது அதில் இல்லவே இல்லை. அக்காவோ மரியாதைக்காக அதையே முதலில் சொன்னார்.

"எழுதிக்கிங்க தம்பி, எல்லாம் என் தப்புதாங்க. வாளி மேல ஒரு குத்தமும் இல்ல, ஒரு சொட்டுப் பாலும் சிந்தல."

சாட்சிகள்

ஒரு சாட்சி போதும் என்றேன். என் குரல் யாருக்குக் கேட்டது? லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் திரண்டு வந்தது. "யார் பார்த்தது?" என்றதும் எல்லாக் கையும் மேலே. பக்கத்து வீட்டுப் பெருமாள் அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். அன்றைக்கு அவர் வரக்காப்பொலைச் சந்தையில் நின்றது ஊருக்கே தெரியும். அவர் காதருகே போய், நிஜமாகவே பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"விழுந்தத பாக்கலங்க. அவ பொய் சொல்லாதத முப்பது வருசமா பாக்குறேன், அது போதாதா?"

சரிவு

காப்புறுதிக் கம்பனி ஐயா, எங்கள் பேச்சில் மாத்தயா, நேரில் வந்தார். பளபளக்கும் சப்பாத்து, கையில் தோல் பை. அவருக்கு ஒரே சந்தேகம்: "வாளி சிந்த இல்லை. மனுசி மட்டும் எப்படி விழுறது?" இதில்தான் கோரிக்கை நின்றுபோயிருந்தது. விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னார்; லயத்துச் சனமும் கூடவே வந்தது. முதல் நாள் நல்ல மழை. "அங்கே வழுக்கும், சேர்" என்றேன். வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை.

மாத்தயா சர்ரென்று போய்ச் சேற்றில் உட்கார்ந்தார். இடது கை மண்ணுக்குள். வலது கையில் பை, தலைக்கு மேலே, ஒரு பொட்டுச் சேறு படாமல். செல்லம்மா அக்கா கட்டுப்போட்ட கையோடு ஓடி வந்தார்.

"ஐயோ மாத்தயா, பை சிந்தலைதானே?"

கையெழுத்து

அவர் பையை அண்ணாந்து பார்த்தார். பிறகு அக்காவின் கட்டைப் பார்த்தார். சேற்றில் இருந்தபடியே சிரித்துவிட்டார். எங்களுக்கும் அடக்க முடியவில்லை. அங்கேயே பையைத் திறந்து கோரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார். அக்காவுக்கு நட்டஈடு உறுதியானது. எழுந்து நின்றவர், "நான் விழுந்ததை யாரும் பார்க்க இல்லைதானே?" என்று கேட்டார். எல்லாக் கையும் மேலே போனது.

"இந்தத் தடவ நான் நெசமாவே பாத்தேங்க!" என்றார் பெருமாள் அண்ணன்.

சனம் சிரித்தபடி லயத்துக்குத் திரும்பியது. கடைசியாக மாத்தயா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிப் போனார். வேலையில், வேலை நேரத்தில், இத்தனை சாட்சியோடு விழுந்த அவருக்கும் நட்டஈடு உண்டு என்று நான் சொன்னது, பாவம், அவர் காதுக்கும் எட்டவில்லை.