காலை ஏழு மணிச் சோறு

பிறர் பசிக்கு உலை வைக்கும் நாம் அனைவரும், கழுவ வரும் தட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதையே முதலில் பார்ப்போம். நான் சில மாதங்கள் அதைப் பார்த்தும் பாராதிருந்தேன்.

நீங்கள் முன்னதாக அறிய வேண்டியவை சில உள்ளன. எங்கள் வீடு சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்திற்குப் பின்தெருவில் இருக்கிறது. தமிழாசிரியர் பணியில் ஓய்வு பெற்றபின், மாடியறைகளைத் தொழிற்சாலைப் பெண்கள் பதினொருவருக்கு வாடகைக்கு விட்டு, கீழே அவர்களுக்குச் சமைக்கலானேன். வல்லக்கோட்டையிலிருந்து வரும் அஞ்சலை எனக்குத் துணை. அப்பெண்களின் ஷிப்ட் வாரந்தோறும் மாறும். இரவு வேலை முடித்தவர்களைக் கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்கு இறக்கிவிடும். என் சமையல் நேரம் மட்டும் மாறாது.

சுவரில் ஒரு பட்டியல்

காலை ஏழுக்கு இட்லி, பன்னிரண்டரைக்குச் சோறு, இரவு ஏழுக்குச் சப்பாத்தி என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வந்த முத்துமாரி, பையைக்கூட இறக்காமல் அதைப் படித்தாள். ஓராண்டு விடுப்பின்றி வேலை செய்தால் நிரந்தரமாக்குவோம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்களாம். ஊரில் தம்பியின் படிப்பு அதை நம்பியிருந்தது. படித்து முடித்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நைட்டு ஷிப்ட் முடிச்சு வாரவளுக்கு எது காலை, டீச்சர்?"

நான்கு இட்லி

அவளுக்கு இரவு ஷிப்ட் வாரம் முதன்முறையாக வந்தது. காலை ஏழு மணிக்குக் கண்கள் சிவந்து வந்து நின்றவள், சூடாகக் கொஞ்சம் சோறும் ரசமும் கிடைக்குமா என்றாள். சோறு பன்னிரண்டரைக்கு என்றேன். நான் வைத்த நான்கு இட்லிகளில் மூன்றைத் திரும்ப வைத்துவிட்டு மாடியேறினாள். சட்னியில் குறையோ என்று நான் கரண்டியால் தொட்டுச் சுவைத்துக்கொண்டிருந்தபோது, அஞ்சலை அந்தத் தட்டை எடுத்தபடி சொன்னாள்:

"நமக்குத்தான் விடிஞ்சிகீது டீச்சர். அந்தப் பொண்ணு இன்னும் ராத்திரி சாப்பாடே துன்னல."

கெட்டில் ரசம்

ஒரு மாதம் கழித்து, காலை ஏழரை மணிக்கு மாடியிலிருந்து மிளகும் பூண்டும் மணத்தன. அறைகளில் சமைக்கக் கூடாது என்பது என் விதி. ஏறிச் சென்றேன். முத்துமாரி ஒரு மின்கெட்டிலில் அரிசியை வேகவைத்துத் தட்டில் கொட்டியிருந்தாள். அதே கெட்டிலில் இப்போது ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. நாட்டுத் தக்காளியைக் கையால் பிசைந்து, மிளகையும் சீரகத்தையும் தோலுரிக்காத பூண்டையும் டம்ளரின் அடியால் நசுக்கிப் போட்டிருந்தாள். கறிவேப்பிலையும் உப்பும் சேர்த்ததோடு சரி. தாளிப்புக்கூட இல்லை. சுற்றிலும் நான்கு பெண்கள் தட்டோடு காத்திருந்தனர்.

எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். நான் பருப்புத் தண்ணீர் விட்டு, பொடி அரைத்து, நெய்யில் தாளித்துச் செய்கிற ரசம் ஒருநாளும் அப்படி வாய்த்ததில்லை. "உப்பு சற்றுக் கூடுதல்" என்று மட்டும் சொல்லி, கெட்டிலைக் கையிலெடுத்தேன். அவள் தடுக்கவில்லை.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிருக்கலாம்லா, டீச்சர்."

மூடாத தட்டு

அதன்பின் இரவு ஷிப்ட் வாரங்களில் அவள் காலையில் ஒன்றும் உண்ணாமலே உறங்கப் போனாள். பன்னிரண்டரைக்கு ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பாள். இரண்டு மணிக்கு மேல் மேசையில் எதுவும் இருக்கக் கூடாது என்பதால், அவள் பங்குச் சோற்றை எடுத்துவிடச் சொல்வேன். மாலையில் இரண்டு சப்பாத்தியோடு வேலைக்குக் கிளம்புவாள். சட்டை தோளில் தளர்ந்து தொங்கியதை நானும் கண்டேன்.

"ஒரு தட்டு மூடி வெச்சா இன்னா டீச்சர், பெல்லு அட்ச்சிடுமா?" என்றாள் அஞ்சலை.

எட்டு மணிப் பேருந்து

வேலைக்கு வந்த பத்தாம் மாதம் முத்துமாரி தொழிற்சாலையில், லைனில் நின்று வேலை செய்கையிலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவர் உடலில் சத்தில்லை என்றார். அவளை வேலைக்குச் சேர்த்த ஒப்பந்தக்காரர், ஊருக்குப் போய் ஓய்வெடு, தேவைப்பட்டால் அழைக்கிறோம் என்றார். அப்படிச் சொன்னால் அழைக்கமாட்டார்கள் என்பது மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

எட்டு மணிப் பேருந்தில் அவள் ஊருக்குக் கிளம்பிய நாளில், காலை ஐந்து மணிக்கே உலை வைத்தேன். அவள் செய்தபடியே பூண்டைத் தோலோடு நசுக்கினேன். இட்லி ஊற்ற நேரமில்லை. ஏழு மணிக்குச் சோறும் ரசமும் சுட்ட அப்பளமும் மேசையில் இருந்தன. இரவெல்லாம் நன்றாக உறங்கிய முகத்தோடு இறங்கி வந்தவள், தட்டைப் பார்த்தாள். பின் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"இன்னைக்கு எனக்கும் காலைதான், டீச்சர். இட்லி இருந்தா ரெண்டு வைங்களேன்?"

பின்னர் முடிவானவை இவை. சுவரிலிருந்து பட்டியல் இறங்கிற்று. ஏழு மணிக்கு இட்லியும் உண்டு, சோறும் ரசமும் உண்டு. உறங்குபவளின் தட்டு மூடியே இருக்கும். கெட்டிலை அவள் ஊருக்கு அனுப்பினேன். வந்து சேர்ந்ததாக ஒரு வரிச் செய்தி வந்தது. கம்பெனி அவளைத் திரும்ப அழைக்கவில்லை. ஊரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அன்று அவள் கெட்டிலில் வைத்த ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது. இதை அஞ்சலையிடம் சொல்லிவிட்டேன், முத்துமாரியிடம் இன்னும் சொல்லவில்லை.

முப்பது ஆண்டுகள் பிறர் விடைத்தாள்களைத் திருத்திய எனக்கு, என் கையால் எழுதிய ஓர் அட்டையைத் திருத்துவதற்கு ஒரு பெண்ணின் வேலை செலவாயிற்று.