மூன்றாவது படியில் விழுந்தால்

ஆபீஸில் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் சீனியரிடம் எந்த நிரலைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் வரும். "மூணாவதுல விழுந்தா என்ன பண்ணுவ?" கருவிகளைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் நிரல்களை இருபது வருடமாக லினக்ஸ் கெர்னலுக்கு எழுதுகிறவர். கருவியைச் செருகியதும் டிரைவர் முதலில் தனக்கு நினைவகம் வாங்கும், அடுத்து கருவியின் தகவலைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க பஃபர், அடுத்து கருவி கூப்பிட்டால் தெரிந்துகொள்ள இன்டரப்ட். மூன்றாவது கிடைக்காவிட்டால் பஃபரையும் நினைவகத்தையும், கடைசியில் வாங்கியதை முதலில் என்ற கணக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் விலக வேண்டும். பஸ் போய்விட்டால் என்ன செய்வது என்று முடிவு செய்த பிறகே செருப்பு மாட்டுவாள் என்று அவர் கணவர் கேலி செய்வார்.

எனக்கு அவர் மேல் எரிச்சல்தான். நான் எழுதிய நிரலை நாலு முறை திருப்பி அனுப்பியவர்.

போன மாதம் ஒரு மருத்துவமனையில் எங்கள் கம்பெனியின் நோயாளி மானிட்டர்கள் பத்து நாளுக்கொரு முறை உறைந்து நின்றன. கேபிள் லூஸாக இருந்தால் டிரைவர் திரும்பத் திரும்ப முயன்று தோற்கும். தோற்கும் போதெல்லாம் ஒரு பஃபர் திரும்பி வராமல், பத்து நாளில் நினைவகமே தீர்ந்துபோனது. நானோ அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த டிரைவர் ஃபைல் முழுக்க இடைவெளிகளைச் சரிசெய்து புண்ணியம் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் கடைசியாக மாற்றியவன் என்று எல்லா வரியிலும் என் பெயர். மேனேஜர் கூப்பிட்டு, "இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்," என்றார். மனைவிக்குப் போன் செய்யக்கூடத் தைரியம் இல்லாமல் அட்டைப்பெட்டியில் சாமான்களை அடுக்கினேன்.

அக்கா அன்று சாப்பிடப் போகவில்லை. ஒவ்வொரு படியையும் வேண்டுமென்றே தோற்கவைத்துப் பார்த்தார். இன்டரப்ட் தோற்றதும் நிரல் பஃபரை விடுவிக்கும் வரியைத் தாண்டிக் குதித்தது. நான் தொடுவதற்கு முந்தைய பிரதிகளைப் புரட்டினார். ஆறு வருடத்துக்கு முன் பஃபர் படியை நடுவில் நுழைத்துவிட்டு, தோற்றால் குதிக்க வேண்டிய இடத்தை மாற்ற மறந்தவர் அவரேதான்.

எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"அது என் தப்பு சார். இவன் ஸ்பேஸ் மட்டுந்தான் மாத்தியிருக்கான்."

"நீங்க சொல்லலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே மேடம்."

"எனக்குத் தெரியுமே சார்."

திரும்பி வந்தவர் என் பெட்டியை இழுத்தார். "அதுக்குள்ள மூட்டை கட்டிட்டியா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். அடுத்து சார்ஜர். அடியில் கிடந்த என் மகளின் போட்டோவைக் கடைசியாக எடுத்து, துடைத்து நிறுத்தினார்.