சாந்தன் வைக்காத கையெழுத்து

சாந்தனின் ஒப்பந்தத்தைக் கெடுத்தவன் நான்தான். தெரியாமல் நடந்த பிழை அல்ல. ஒவ்வொரு சொல்லையும் தெரிந்தே சொன்னேன்.

மூன்று வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

எண்பத்தாறாம் ஆண்டு, ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் அகதி முகாமில் ஜெர்மன் ஓரளவு தெரிந்தவன் நான் ஒருவனே. யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் வாசித்துச் சொன்னால் அதுவே முடிவு. சாந்தனும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரிக்குக் கூடைப்பந்து ஆடியவர்கள். அங்கே நான் அணித்தலைவன், அவன் என்னைவிட மூன்று வயது இளையவன். இங்கேயும் ஊர்ச் சங்கமொன்றில் சேர்ந்து ஆடினோம்.

ஒரு சனிக்கிழமை அவன் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வேன்! முப்பத்தெட்டுப் புள்ளிகள்! அவனைவிட ஒரு முழம் உயர்ந்த இரண்டு பேர் மறித்து நிற்க, நடுவே நழுவிப் போய் இடக்கையால் போட்டான். எதிரணியைப் பார்க்க வந்தவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். அவனுக்குப் பந்தைக் கொடுத்துக் கொடுத்து ஓடியவன் நான்.

ஆட்டம் முடிந்ததும் கோட்டுப் போட்ட ஒருவர் எங்களை நோக்கி வந்தார். சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் பெரிய கழகமொன்றின் முகாமையாளர். என்னிடம்தான் வருகிறார் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன்... அவர் என்னைத் தாண்டிப் போய்ச் சாந்தனின் தோளைப் பிடித்தார். நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். வெட்கக்கேடு!

ஒப்பந்தத்தை மேசையில் விரித்தார். இரண்டு வருடம், மாதச் சம்பளம், தங்க ஓர் அறை. அனுமதிகளையெல்லாம் தங்கள் வழக்கறிஞரே எடுத்துத் தருவார், அசூல் என்கிற அகதித் தஞ்ச வழக்குக்கு ஒரு பாதிப்பும் வராது என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். எனக்கு நன்றாகவே விளங்கியது.

"என்னவாம் அண்ணை?" சாந்தனின் கண் இரண்டும் பளபளத்தன.

"இதிலை கையெழுத்து வைச்சால் உன்ரை அசூல் கேஸ் முடிஞ்சுதடா. வேலைக்கு வந்தவனெண்டு எழுதித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

நானா சொன்னேன்? என் வாயா அது?

காகிதம் என்றால் எங்களில் எல்லோருக்கும் பயம். விமானநிலையத்தில் என்ன ஏதென்று தெரியாமல் வைத்த முதற் கையெழுத்திலேயே தொடங்கிய பயம் அது. அது தெரிந்துதான் அங்கே கை வைத்தேன்.

"ஐயோ, அப்ப ஏலாது. வேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணை."

இவனுக்கு விருப்பமில்லை, இது வெறும் பொழுதுபோக்காம் என்று முகாமையாளரிடம் ஜெர்மனில் சொன்னேன். அவர் நம்பவில்லை. மாத முடிவுவரை பொறுத்திருப்பதாகச் சொல்லித் தொலைபேசி இலக்கத்தைத் தந்துவிட்டுப் போனார். யாரிடம்? என்னிடம்!

மூன்று வாரம் இருந்தது. ஓர் அழைப்பு, ஒரு வாக்கியம்... செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? அவன் அந்த உயரத்துக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாதிருந்தது. பொறாமை. வேறு பெயர் இல்லை.

சாந்தன் இன்று உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறான். பந்தைத் தொடுவதே இல்லை. போகிற இடமெல்லாம், "அண்ணை இல்லாட்டி நான் இண்டைக்குக் கொழும்பிலை மறியலிலை கம்பி எண்ணிக்கொண்டிருப்பன்" என்று சொல்லித் திரிகிறான்.

போன ஞாயிறு... முகாமுக்குப் புதிதாய் வந்த குகன் என்பவனுக்கு வேறொரு கழகம் ஒப்பந்தம் கொடுத்திருந்தது. எங்களுக்கு முன்னால் கையெழுத்து வைக்க ஆசைப்பட்டுப் பேனையை எடுத்தான். சாந்தன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான்.

"வைக்காதையடா! கேஸ் முடிஞ்சுபோம். அண்ணையைக் கேள். என்னைக் காப்பாத்தினதே அவர்தான்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் குகன் தப்புவான். சாந்தனுக்கோ எல்லாம் விளங்கிவிடும். சாந்தனின் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நம்பிக்கை, கடவுளே!

"ஓம்," என்றேன். "வைக்காதை."

குகனின் ஒப்பந்தத்துக்கு நாளை வெள்ளி வரைதான் தவணை. அவன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான். நான் இங்கே உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்...