அப்பா தின்ற புளி

சேர், ராத்தல் கணக்கெல்லாம் போய்க் கிலோ வந்திருந்த புதிது. தாராவியில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னாலேயே வீடு. வியாபாரம் அப்பாவுடையது, வெள்ளிக்கிழமைகள் அம்மாவுடையவை. கல்லாப்பெட்டிக்கும் கைத்தராசுக்கும் சந்தனம் வைத்துக் கும்பிடுவாள். மிளகாய் வற்றல் நெடியும் சந்தனமும் கலந்த அந்த வாசத்துக்கு இன்றும் எனக்கு ஏக்கம் உண்டு.

தராசுக்கு மட்டும் பொட்டு போதாது அவளுக்கு. எடைக்கல் வைக்கிற தட்டின் அடியில் சந்தனத்தை அப்பிவிடுவாள். வாராவாரம் மேலுக்கு மேல் அப்பி, அது காரை போல இறுகிக் கிடந்தது. சாமான் போடுகிற தட்டுக்கு ஒரு துளி கிடையாது. அந்தத் தட்டை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தராசு சோதிக்கிற இன்ஸ்பெக்டர் எங்கள் சந்துக்குள் வந்துவிட்டார். எதிர்க் கடைத் தராசைப் பறிமுதல் செய்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். தராசு போனால் பண்டிகை வியாபாரமும் போச்சு. மற்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்பாவோ சாமான் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளி உருண்டையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். கடையில் மூட்டை மூட்டையாகப் புளி இருக்க, இந்த அழுக்கை ஏன் தின்கிறார் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வெறும் தராசைத் தூக்கிப் பிடித்தார். எடைக்கல் தட்டு சரேலென்று இறங்கியது. அடியில் இருந்த சந்தனத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படிக் கூடுதலாகக் கொடுத்தால் கடை எப்படி நடக்கும் என்று இந்தியில் கேட்டார். வாய் நிறையப் புளியோடு அப்பா தலையை மட்டும் ஆட்டினார். சந்தனத்தைச் சுரண்டியெறிந்து, தட்டுகள் சமமாக நின்றதும் முத்திரை குத்தி, "அச்சா ஆத்மி", நல்ல மனுஷன் என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்பா புளியை விழுங்கிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படிளா?"

"நீங்க ஒட்டுன நாள்ல இருந்துதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழாயடியில் நின்ற பெண்களிடம் ஓடினேன்.

"எங்கப்பா எல்லாருக்கும் கூடத்தான் நிறுத்துத் தாராவளாம். இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு."

அவர்கள் எல்லோரும் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். புகழ்ந்தால் எப்படிக் கூச்சப்படுகிறார் என்று அவர்மேல் எனக்குப் பிரியம் பொங்கியது.