சோளத்தட்டோடு போன நம்பர்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஐந்து நாற்பதுக்கு மோட்டார் போட்டேன். ஆறு ஐந்துக்குத் தொட்டி நிறைந்தது. ஆறரைக்கு அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத காபி, ஏழுக்கு மாத்திரை. முப்பத்திரண்டு வருஷமாக இப்படி எழுதிவருகிறேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்ட தேதிகூட என் டைரியில் இருக்கும். கேட்கத்தான் ஆளில்லை.

எட்டு பத்துக்கு மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டில் பழைய ராணுவப் பதிவேடுகளைக் காக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து, ஆறு வரியில் பதில். அப்பாவின் தாத்தா காளியப்பன் முதல் உலகப் போருக்கு ஈராக்கின் பஸ்ராவுக்குப் போனவர், திரும்பவில்லை. அந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், சிப்பாய் நம்பர் இல்லாமல் இவர்தான் என்று சொல்ல வழியில்லை, இனி எழுத வேண்டாம் என்பதை மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஞாபகம் மெல்லத் தளரத் தொடங்கிய நாளில், அப்பாதான் கேட்டார். "எங்கப்பாரு எங்க கெடக்கறாருன்னு பாத்துச் சொல்லு கண்ணு." அப்பாரு என்றால் எங்கள் பக்கம் தாத்தா. அப்பாவுக்கு இப்போது வயது எண்பத்து நான்கு. அவர் எல்லாவற்றையும் மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஓட்டம்.

அந்த ஆறு வரியைப் படித்ததும் ஏனோ நிலக்கரிப் புகை மணந்தது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துப் போத்தனூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். பட்டாளத்து வண்டி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, கடைசிப் பெட்டி மறையும்வரை நிற்பார். ரயில் பைத்தியம் என்று நானே முடிவுகட்டி, அப்பா இன்ஜின் டிரைவர் என்று வகுப்பில் சொல்லிவைத்து, ஒரு வருஷம் நல்ல செல்வாக்கோடு வாழ்ந்தேன். அவருடைய தாத்தா வண்டி ஏறியது அந்த ஸ்டேஷனில்தான் என்பது இந்தத் தேடலில்தான் எனக்குத் தெரிந்தது.

காபி டம்ளரை எடுக்கப் போனபோது விஷயத்தைச் சொன்னேன்.

"நம்பரு இல்லாம ஒண்ணும் ஆகாதாமுங்க அப்பா."

"நம்பரு இருந்துதே" என்றார்.

பிறகு விட்டு விட்டுச் சொன்னார். காளியப்பன் இறந்துவிட்டார் என்று பட்டாளத்திலிருந்து வந்த தாளை அவர் மனைவி நம்பவில்லை. அதையும் அவர் நம்பர் பொறித்த ஒரு பித்தளை வில்லையையும் தகரப்பெட்டியில் பூட்டிவைத்து, தாலியோடே முப்பது வருஷத்துக்குமேல் இருந்துவிட்டுச் செத்துப்போனார். இனியும் காளியப்பனுக்குக் காரியம் செய்யாமல் விடக்கூடாது என்று பங்காளிகள் கூடி, சோளத்தட்டில் ஆளுயர உருவம் கட்டி, வேட்டி சுற்றி, அந்த அம்மாளுக்குப் பக்கத்திலேயே நொய்யல் ஆற்றங்கரையில் சிதையில் கிடத்தினார்கள். அவர் சாமான் ஏதாவது வேண்டும் என்றார் சடங்கு செய்தவர். எட்டு வயதுப் பேரன், அதாவது என் அப்பா, வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"பேப்பரு வெக்காட்டி அது வெறுந்தட்டு கண்ணு. வெச்சாத்தான் அப்பாருன்னாங்க. பேப்பரு, வில்லை ரெண்டையும் நெஞ்சு மேல நானே வெச்சுப்போட்டேன், அதோடவே எரிஞ்சு போயிருச்சு."

"மூணு வருஷமா ஏனுங்கப்பா சொல்லலை?"

"நீதான் கதவுக்கு எண்ணெ உட்டதக்கூட எழுதறவனாச்சே. எப்படியும் புடிச்சுப்போடுவேன்னு இருந்தேன்."

பெட்டியிலிருந்து எடுத்து வைக்கும்போது அந்த நம்பரைப் படித்தாராம். ஒன்பது மணிக்கு மூன்றில் தொடங்கும் நம்பர் ஒன்று சொன்னார். பத்தே முக்காலுக்கு ஆறில் தொடங்குவது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான்கு நம்பர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. நேரத்தோடு நான்கையும் எழுதினேன். ஐந்தாவதுக்கு வாய் திறந்தவர், என் பேனாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "போதும். எழுதாத" என்றார்.

சாயங்காலம் விளக்குப் போட்டபோது, தன் தாத்தாவை எரித்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வேறெங்கேயும் அவர் இருப்பதாக இனி யாரும் சொல்லப்போவதில்லை என்பது அப்பாவுக்கும் புரிந்திருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அவரைக் காரில் ஏற்றினேன். ஊர்ச் சுடுகாட்டைக் குறித்திருந்த பழைய சர்வே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போனதால் இடத்தில் சந்தேகமில்லை. காங்கிரீட் தடுப்புச்சுவர், அதை ஒட்டித் தார் ரோடு, சுவருக்கு அந்தப்பக்கம் ஆறு முழுக்க ஆகாயத்தாமரையும் சாயப்பட்டறை நுரையும். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வந்த வழியையும் திரும்பிப் பார்த்தார். இதே இடம்தான் என்று இரண்டு தடவை சொன்னேன்.

"இது இல்ல கண்ணு" என்றார். "அங்க மணலு இருந்துது."